இதுவும் ஓர் அடுப்புதான்



ஐப்பசி அடைமழையின் நான்காவது நாள் இது. எழுத உட்கார்ந்த இடத்திலிருந்து எதிர் அடுக்ககத்தின் பால்கனிகள் தெரிகின்றன. எல்லா வீட்டிலும் ஒரே காட்சிதான். கம்பியில் பள்ளிச் சீருடை, நாற்காலி முதுகில் துண்டு, பாதி திறந்த கதவின் மேல் போர்வை. உள்ளே மின்விசிறிக்கு நேர் கீழே கைக்குழந்தையின் துணிகள் விரிந்து கிடக்கும் என்பதைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். துவைத்து மூன்று நாள் ஆன துணியை எடுத்து முகர்ந்து பார்த்து, மறுபடி தண்ணீரில் போட்ட அனுபவம் இந்த மாதத்தில் நம்மில் பலருக்கும் இருக்கும்.

என் அம்மா துணி காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். விடிந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பார். வெளுத்திருந்தால் அன்று பெரிய துவையல். ஒவ்வொரு துணியையும் சடாரென்று ஓர் உதறு உதறிக் கொடியில் போடுவார். நடுப்பகலில் மாடிக்கு வந்து, மேலே இருக்கும் பக்கத்தைக் கீழே திருப்புவார். மாலையில் எடுக்கும்போது பாவாடையின் நாடா மடிப்பையும் சட்டைக் காலரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மடிப்பார். மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும் அந்த இரண்டு இடத்தில்தான் ஈரம் ஒளிந்திருக்கும் என்பார். ஆனால், திருப்பிப் போட்டதற்கும் தொட்டுப் பார்த்ததற்கும் இடையே இருந்த அத்தனை நேரமும் அவர் மாடியை மறந்து வேறு வேலை பார்த்தார். வெயில் தன் வேலையைத் தானே செய்துகொண்டது. அதற்குக் காவல் தேவைப்படவில்லை.

இப்போது மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்ட அடுக்ககங்கள் பெருகிவிட்டன. பால்கனியில் துணி தொங்கக் கூடாது என்று விதி வைத்த குடியிருப்புகளும் உண்டு. வேலைக்குப் போகும் தம்பதியருக்கு வானம் பார்த்துத் துவைக்க நேரமில்லை. அதனால் துணி உலர்த்தும் டிரையர் மெல்ல மெல்ல நம் வீடுகளுக்குள் வருகிறது. அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டிலோ அது வெகுநாளாகவே இருக்கிறது. மகளுக்குப் பிரசவம் பார்க்கவும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் போகும் நம் வாசகியர் பலர், அங்கேதான் முதன்முதலாக இந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார்கள். நானும் அப்படி நின்றவள்தான். அதனால்தான் இந்த மழைக்கால இதழில் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச நினைத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில், மகளின் பிரசவத்துக்காகக் கனடாவில் ஸ்கார்பரோவுக்குப் போயிருந்தேன். வெளியே முழங்கால் அளவு பனி. நிலவறையில் வாஷிங் மெஷினும் அதன் பக்கத்தில் டிரையரும் இருந்தன. பச்சைக் குழந்தை இருக்கும் வீடு. ஒரு நாளைக்கு இரண்டு முறை துணி சேரும். ஒரு மணி நேரம் ஓடி நின்ற பிறகு எடுத்தால் துண்டெல்லாம் சூடாக இருக்கும், ஆனால் ஈரம் போயிருக்காது. குளிர் நாடல்லவா, இரண்டு தடவை ஓட்டினால்தான் காயும் போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டு பத்து நாள் இரண்டிரண்டு தடவை ஓட்டினேன்.

ஒருநாள் சாயங்காலம் மாப்பிள்ளை துணி எடுக்க வந்தவர், இயந்திரத்தின் மேல் கை வைத்ததும் முகம் மாறினார். “எத்தனை நாளா இப்படிச் சுடுது அத்தை?” என்று கேட்டுவிட்டு, என்னையும் கோட்டு போட வைத்து வீட்டின் பக்கவாட்டுச் சுவருக்கு அழைத்துப் போனார். அங்கே தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு சின்ன மூடி. டிரையர் ஓடும்போது உள்ளிருந்து வரும் சூடான காற்று அந்த மூடியைத் தள்ளித் திறக்க வேண்டும். வெண்ணிறமாக ஆவி பறக்க வேண்டும். உள்ளே டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. மூடியோ அசையவில்லை. அதன் விளிம்பில் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டிப் பனியோடு சேர்ந்து உறைந்திருந்தது.

உடனே இயந்திரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினார். பின்னாலிருந்த குழாயைக் கழற்றினோம். கையகலக் குழாய்க்குள் காற்றுப் போக மிச்சமிருந்தது இரண்டு விரல் நுழையும் இடம்தான். மற்றதெல்லாம் பஞ்சு. அள்ள அள்ள வந்தது. பக்கத்தில் வைத்த பை நிறைந்தது. நான் ஒரு பிடியைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தேன். அதில் என் பருத்திச் சேலையின் அரக்குச் சிவப்பு தெரிந்தது, பேத்தியின் மஞ்சள் சட்டை தெரிந்தது. கார்த்திகை தீபத்துக்கு நாம் உட்கார்ந்து திரி திரிப்போமே, அந்தப் பஞ்சைவிட மெல்லியதாக, அதைவிட உலர்ந்ததாக இருந்தது அது. திரிக்கு எவ்வளவு வேகமாகத் தீப்பிடிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காட்டில் முகாம் போடுபவர்கள் தீ மூட்டுவதற்காகவே இந்த டிரையர்ப் பஞ்சைச் சேர்த்து வைப்பார்கள் என்றார் மாப்பிள்ளை.

குழாயைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு அதே அளவு துணி முக்கால் மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. பத்து நாளாகப் பச்சைக் குழந்தை தூங்கும் வீட்டுக்கு அடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்து நினைத்துப் புரண்டேன்.

அந்த இரவில் எனக்குப் புரிந்த ஒன்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். டிரையரை நான் வெயிலைப் போல நடத்திவிட்டேன். துணியைப் போட்டோம், அது காயும், நாம் வேறு வேலை பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். அதை அடுப்பைப் போல நடத்தியிருக்க வேண்டும்.

இந்த இயந்திரத்தின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் டி. சாம்ப்சன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் 1892 ஜூன் 7 அன்று துணி உலர்த்திக்குக் காப்புரிமை பெற்றார். அடுப்பின் வெப்பத்தில் துணியைக் காயவைக்கும் ஒரு சட்டகம் அது. பிறகு, குளிர் மிகுந்த வட டகோட்டா மாநிலத்தின் ஜே. ராஸ் மூர் சுழலும் உருளையோடு கூடிய டிரையரை உருவாக்கினார். அது 1938-இல் ‘ஜூன் டே’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த நாட்டில் ஜூன் என்றால் இதமான வெயில். பெயர் வெயிலுடையதாக இருந்தாலும் உள்ளே வேலை செய்தது நெருப்பின் வெப்பம்தான். இன்றைய டிரையரிலும் மின்சாரக் கம்பிச்சுருளோ எரிவாயுச் சுடரோ காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூடான காற்று சுழலும் துணிக்குள் புகுந்து ஈரத்தையும் நூல் பிசிரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. பஞ்சும் நெருப்பும் பக்கத்தில் இருந்தால் பற்றிக்கொள்ளும் என்பார்கள். இந்தப் பெட்டியில் இரண்டும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. அவற்றைப் பிரித்து வைப்பது காற்றோட்டம் ஒன்றுதான். காற்று அடைபட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தீ விபத்துகளை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டது. அந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர்த் தீ விபத்துகள். அவற்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 பேர் இறந்தார்கள், 100 பேர் காயம்பட்டார்கள். முதன்மையான காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. நூற்றுக்கு 34 விபத்துகள் அதனால் நேர்ந்தவை. அதிகம் நடந்த மாதம் ஜனவரி. ஸ்கார்பரோவில் நான் நின்ற அதே மாதம்.

அடுப்பை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சமைத்து முடித்ததும் மேடையைத் துடைக்கிறோம். பர்னரில் பால் வழிந்து அடைத்தால் ஊசியால் குத்தி எடுக்கிறோம். டிரையரில் பஞ்சைப் பிடிக்கும் வலையான ஃபில்டருக்கும் அந்தக் கவனம்தான் வேண்டும். ஒவ்வொரு முறை துணி போடுவதற்கு முன்பும் ஃபில்டரை வெளியே எடுங்கள். ஓரத்தில் நகத்தால் நெம்பினால் பஞ்சு அப்பளம் போல முழுசாக உரிந்து வரும். வலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அதன் மேல் குழாய்த் தண்ணீரை விட்டுப் பாருங்கள். தண்ணீர் உடனே இறங்கினால் சரி. வலை மேல் குளம் போல நின்றால், துணி மென்மையாக்கும் திரவமோ வாசனைத் தாளோ கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலமாகப் படிந்திருக்கிறது என்று பொருள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபில்டர் இல்லாமலோ கிழிந்த ஃபில்டரோடோ ஒருமுறைகூட ஓட்டாதீர்கள். ஃபில்டர் உட்காரும் பள்ளத்திலும் பஞ்சு இறங்கியிருக்கும். நீளமான பிரஷ்ஷோ வேக்குவம் கிளீனரோ அதற்கு உதவும்.

வெளியே காற்றைத் தள்ளும் வகை டிரையர் உள்ள வீடுகளுக்கு, அதாவது பெரும்பாலும் அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு, இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். பின்னாலிருக்கும் குழாய் வழவழப்பான உட்பக்கம் கொண்ட உலோகக் குழாயாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அதன் விட்டம் 4 அங்குலம். மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயும் மெல்லிய தகட்டுத்தாள் குழாயும் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சைப் பிடித்து வைக்கும். எளிதில் நசுங்கவும் செய்யும். ஸ்கார்பரோ வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் மாட்டியிருந்தது அந்தத் தாள் குழாய்தான். மறுவாரமே மாற்றினோம். குழாய் எவ்வளவு குட்டையாகவும் நேராகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பு பொதுவாக 35 அடியை எல்லையாக வைத்து, ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் 5 அடியைக் கழிக்கச் சொல்கிறது. குழாயின் வெளிவாயில் கொசுவலை மாதிரி எதையும் கட்டக் கூடாது. பறவை வராது என்று கட்டுவார்கள். ஆனால் ஒரே வாரத்தில் பஞ்சு அதை அடைத்துவிடும். தானே திறந்து மூடும் மூடி போதும். ஆண்டுக்கு ஒருமுறையாவது குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். எரிவாயுவில் ஓடும் டிரையர் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்த வீடுகளில் அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்து, எண்ணெய். நம் வீடுகளில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நம் பழக்கம். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டிக் குளிப்பாட்டுவதும் நம் பழக்கம். அப்போது தலை துவட்டிய துண்டையும் குழந்தையைப் போர்த்திய துணியையும் துவைத்த பிறகு முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை மிச்சமிருந்தால் எண்ணெயும் மிச்சமிருக்கிறது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது தாமே வெப்பத்தை வெளிவிடும் இயல்பு கொண்டவை. தேங்காய் எண்ணெயில் அந்த இயல்பு குறைவு. டிரையரின் சூடு அந்த வினையைத் தூண்டி விரைவுபடுத்துகிறது. சூடான துணியை அப்படியே குவியலாக விட்டால், உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போகும். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே கை வைக்க முடியாதபடி சூடேறும் என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். போருக்குள் சூடு பிறக்கும் விதம் வேறு என்றாலும், அடைபட்ட சூடு வளரும் கதை ஒன்றுதான். இயந்திரம் நின்று வெகுநேரம் கழித்தும், மடித்துக் கூடையில் வைத்த துணியிலும்கூட, இப்படித் தீப்பிடிக்க முடியும். அதனால் எண்ணெய்த் துண்டுகளைச் சுடுதண்ணீரில் கூடுதல் சோப்புத்தூள் போட்டுத் துவையுங்கள். அப்படியும் வாடை இருந்தால் அவற்றுக்குக் கொடிதான் இடம். சமையலறைக் கைப்பிடித் துணிக்கும் இதே விதிதான்.

டிரையர் முடிக்கும் முன் கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாத காற்றை ஓடவிடும். நேரம் மிச்சம் என்று பலர் அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிமிடங்கள் துணியின் சூட்டை இறக்குவதற்காக இருப்பவை. தயவுசெய்து அவை முடியும்வரை பொறுங்கள். நடுவில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், துணியை உடனே வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள். மின்சாரம் போய் நின்றாலும் இதையே செய்யுங்கள். மின்வெட்டு நமக்குப் புதிதல்லவே.

பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயின்ட், டர்பன்டைன், கறைநீக்கி பட்ட துணிகளும் நன்றாகத் துவைக்காமல் உள்ளே போகக் கூடாது. ரப்பர் பூசிய மிதியடி, ஃபோம் வைத்த தலையணை, ரெயின்கோட், குளியல் தொப்பி ஆகியவற்றை எப்போதுமே போடக் கூடாது. சட்டைப் பையில் தீப்பெட்டியோ லைட்டரோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். துணியின் உட்புறப் பட்டியில் ஒரு சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையரில் போடலாம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி என்றால் வழக்கமான சூடு. குறுக்கே பெருக்கல் குறி இருந்தால் போடவே கூடாது. பட்டுக்கும் சரிகைக்கும் எந்தப் பட்டியும் பார்க்க வேண்டாம். அவற்றுக்கு நிழல் காய்ச்சல்தான்.

இனி நம்மூர் வீடுகளுக்கு வருகிறேன். நம்மில் பலர் டிரையர் என்று சொல்வது செமி ஆட்டோமேடிக் மெஷினின் பிழியும் தொட்டியை. அது துணியைச் சூடாக்குவதில்லை. வேகமாகச் சுழற்றித் தண்ணீரை மட்டும் உதறுகிறது. தீ ஆபத்து அதில் குறைவு என்றாலும் கைக்கு ஆபத்து உண்டு. மூடியைத் திறந்ததும் தொட்டி நின்றுவிட வேண்டும். சில பழைய மெஷின்களில் பிரேக் தேய்ந்து, திறந்த பிறகும் சுழன்றுகொண்டிருக்கும். ஓடும் தொட்டிக்குள் கை விட்டால், சுற்றிக்கொண்ட சேலைத் தலைப்பு நம் கையையும் சேர்த்து முறுக்கிவிடும். தொட்டி முழுதாக நின்ற பிறகே கையை விடுங்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை பிழியும் தொட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.

துவைத்து உலர்த்தும் இரண்டு வேலையையும் ஒரே பெட்டி செய்யும் மெஷின் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் துவைக்கும் எடை வேறு, உலர்த்தும் எடை வேறு. உலர்த்தும் அளவு எப்போதும் குறைவு. துவைத்து முடிந்ததும் பாதித் துணியை எடுத்துவிட்டு மீதியை உலர்த்துங்கள். துணி புரண்டு விழ இடமிருந்தால்தான் காற்று உள்ளே போகும்.

தனி டிரையர் வாங்குவதானால், அடுக்ககத்துக்கு ஹீட் பம்ப் வகை நன்றாகப் பொருந்துகிறது. ஃபிரிட்ஜ் வேலை செய்யும் அதே முறைதான். ஒரு பக்கம் காற்றைச் சூடாக்கும், மறுபக்கம் ஈரக் காற்றைக் குளிர்வித்துத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும். சுவரில் துளை வேண்டாம். சூடு குறைவு, மின்சாரச் செலவும் குறைவு. ஆனால் சுத்தம் செய்யும் வேலை இதிலும் உண்டு. பஞ்சு ஃபில்டரோடு, கீழே வெப்பமாற்றித் தகடுகளுக்கு முன்னால் இன்னொரு ஃபில்டரும் பெரும்பாலும் இருக்கும். அதையும் கையேட்டில் சொன்ன இடைவெளியில் கழுவ வேண்டும். தண்ணீர்த் தொட்டியை ஒவ்வொரு முறையும் கொட்டிவிடுங்கள். உள்ளே உலோகப் பட்டைகள் இரண்டு இருக்கும். ஈரத்தை உணர்பவை அவைதான். அவற்றை அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்தால் இயந்திரம் சரியான நேரத்தில் நிற்கும்.

மின் இணைப்பில் சிக்கனம் வேண்டாம். ஹீட்டர் வகை டிரையர் கீசர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், முறையான எர்த், அதற்கென்று தனி எம்சிபி, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி எல்லாம் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிட்டு மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டிரையரைச் செருகவே கூடாது. ஓடி முடிந்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே தொடர்பு தளர்ந்திருக்கிறது. சுவரோடு ஒட்டி வைக்காமல் கையேடு சொல்லும் இடைவெளி விடுங்கள். அடுக்கி வைத்த செய்தித்தாளும் காலி அட்டைப்பெட்டியும் அதன் பக்கத்தில் வேண்டாம்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் கதவை எப்போதும் மூடியே வையுங்கள். உருளைக்குள் ஒளிந்து விளையாடத் தோன்றும் வயது அது. பூனைக்கும் அந்த வெதுவெதுப்பு பிடிக்கும். துணி போடும் முன்பும், ஓடவிடும் முன்பும் உள்ளே ஒரு பார்வை பாருங்கள்.

இயந்திரம் தன் உடம்பு சரியில்லை என்பதை நமக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். ஒரு தடவையில் காய்ந்த துணிக்கு இரண்டு தடவை ஆவது, மேற்பகுதி கை வைக்க முடியாமல் சுடுவது, கருகிய வாடை வருவது, அறையில் ஈரம் கோத்துக்கொள்வது எல்லாம் அதன் பேச்சு. எனக்குப் பத்து நாள் சொன்னது. நான் கேட்கவில்லை. நீங்கள் முதல் நாளே கேளுங்கள். நிறுத்திவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். பழுது ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து உள்ளே சேர்ந்த பஞ்சை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நம் கை எட்டாத இடங்களில், சூடேற்றும் பகுதிக்கு அருகில், அது படிந்திருக்கும்.

கேட்டும் கேளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. பஞ்சு சூடேற்றும் பகுதியில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்ற குறை லட்சக்கணக்கான டிரையர்களில் இருப்பது 2015-இல் வெளியே தெரிந்தது. பழுது நீக்கும்வரை, பக்கத்தில் ஆள் இருந்தால் பயன்படுத்தலாம் என்று உரிமையாளர்களுக்கு அப்போது சொல்லப்பட்டது. 2016 ஆகஸ்ட் 19 அன்று ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றின் 7-ஆம் மாடியில் அப்படிப்பட்ட ஒரு டிரையரில் பிடித்த தீ மேல்தளங்களுக்கும் பரவியது. 120 தீயணைப்பு வீரர்கள் போராட வேண்டியிருந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகுதான், 2017-இல், அந்த டிரையர்களின் பிளக்கையே பிடுங்கி வையுங்கள் என்று அறிவுரை மாறியது. 2019-இல் அவை திரும்பப் பெறப்பட்டன. உங்கள் இயந்திரத்தின் மாடல் எண்ணைக் குறித்து வையுங்கள். வாங்கியதும் நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். குறை இருப்பதாக அறிவிப்பு வந்தால், பழுது நீக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

ஒருவேளை புகையோ தீயோ தெரிந்துவிட்டால், டிரையர்க் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று பாய்ந்து தீ எழும்பும். கைக்கு எட்டினால் எம்சிபியை இறக்குங்கள். அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேறி, நம் நாட்டில் என்றால் 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று உள்ளே நிற்க வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டுப் பயந்து டிரையரே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அடுப்பால் ஆபத்து உண்டு என்பதற்காக நாம் சமைக்காமல் இருக்கிறோமா? பிரசவித்த பெண்ணுக்கும், படுக்கையில் இருக்கும் பெரியவருக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கும் மழைநாளில் காய்ந்த துணி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். வெயில் அடிக்கும் நாட்களில் கொடிக்கே போங்கள். அது துணிக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது. மழை நாட்களில் இயந்திரத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். நாம் விழித்திருக்கும்போது, வீட்டில் இருக்கும்போது மட்டும் அது ஓடட்டும். ராத்திரி போட்டுவிட்டுப் படுப்பதும், ஓடவிட்டுக் கடைக்குப் போவதும் வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் அம்மா இருந்தவரை, படுக்கப் போகும் முன் ஒரு கேள்வி கேட்பார். “அடுப்பை அணைச்சாச்சா? சிலிண்டரை மூடியாச்சா?” பதில் வந்தாலும் ஒருமுறை தானே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் டிரையரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், புறங்கையால் தொட்டுப் பார்த்த அடுத்த நிமிடமே அது எந்த இனம் என்று கண்டுபிடித்திருப்பார். இப்போதெல்லாம் தொலைபேசியில் மகளிடம் பேசி முடிக்கும்போது நான் அம்மாவின் கேள்வியோடு ஒன்றைச் சேர்த்துக் கேட்கிறேன். “டிரையர் நின்னுடுச்சா? பஞ்சை எடுத்தாச்சா?” அவள் “எடுத்தாச்சும்மா” என்கிறாள். இந்த மழைக்காலம் முடியும்வரையாவது உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். ஒருவர் வீட்டில் கற்ற பாடம் இன்னொரு வீட்டைக் காக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்